கொழுந்து வாடிய மாடியில் ஒரு நூலகம்

நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் வீதியில், ஆசிரியர்களைப் பயிற்றுகிற கல்லூரி ஒன்று இருக்கிறது. அதன் பிரதான கட்டடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள். ஒவ்வொன்றின் அகலத்தையும் உயரத்தையும் நாடா பிடித்து அளந்து தாளில் போட்டவள் நான்.

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் போய், முக்காலியில் ஒரு கருவியை வைத்துச் சுழலவிட்டு, அரை நாளில் அந்தக் கட்டடம் முழுவதையும் அளந்துவிட்டார்களாம். எனக்கு ஆறு வாரம் பிடித்த வேலை. அவர்களில் ஒருத்தியான சர்மிளா அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், ஒங்க அளவும் மெசின் அளவும் அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்ல. ஆனா மூணாம் மாடிக்கு மட்டும் ரெண்டு தாள் இருக்கு. ஒண்ணுல செவப்புக் கோடு போட்டு 'ரத்து'ன்னு எழுதியிருக்கு. அது ஏன் மிஸ்?"

அது தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். இருபத்தொன்பது வருடம் படவரைஞராக இருந்தவள் நான். என் வேலையில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு ரத்தான தாளும் ஒரு காரணம்.

அந்தக் கட்டடம் கல்லூரிக்காகக் கட்டியதல்ல. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலை. எங்கள் தோட்டத்து ஆட்கள் அதை 'ஸ்டோர்' என்பார்கள். தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும். சுவர் என்று பார்த்தால் கீழே மட்டும்தான் கருங்கல். அதற்கு மேல் இரும்புத் தூண், இரும்பு உத்திரம், பலகைத் தளம், வெளியே தகரம். பறித்த கொழுந்தை அப்படியே அரைக்க முடியாது, முதலில் அது வாட வேண்டும். அதற்காகத்தான் மேல் மாடிகள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும் என்றுதான் அத்தனை ஜன்னல்கள். இன்று கல்யாண ஜோடிகள் வந்து முன்னால் நின்று படம் பிடிக்கிற அந்த ஜன்னல் வரிசை அழகுக்காக வைத்ததே இல்லை, இலையின் ஈரத்தை உலர்த்த வைத்தது. இலையை உருட்டும் இயந்திரங்கள் கீழே நின்றன. அதனால் பாரம் முழுக்கக் கீழ்த்தளத்துக்கு. மேலே வாடுகிற இலைக்கு என்ன கனம் இருக்கப்போகிறது? கட்டியவர்கள் அதற்குத் தகுந்த மாதிரிதான் கட்டியிருந்தார்கள்.

என் அம்மா அந்த ஸ்டோரின் தரைத்தளத்தில், தேயிலைத் தூளிலிருந்து குச்சி பொறுக்கும் அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். மேல் மாடிகளில் ஆண்களுக்குத்தான் வேலை. அம்மா ஒரு நாளும் மேலே ஏறியதில்லை.

நான் படித்தது தோட்டப் பாடசாலையிலும் பிறகு நுவரெலியாவிலும். உயர்தரம் முடித்து, கண்டியில் இரண்டு வருடம் படவரைதல் கற்று, அரசாங்கக் கட்டட வேலைகளைப் பார்க்கிற மாவட்ட அலுவலகத்தில் சேர்ந்தேன். வரைபட அறையில் ஐந்து ஆண்கள். ஆறாவது மேசை எனக்கு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அந்த அறைக்கு வந்த முதல் பெண் நான்தான் என்பதை முதல் வாரத்திலேயே நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிக்காட்டினார்கள். என் எழுத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டார்கள். படத்தில் எழுதும் எழுத்து என்னுடையது அச்சு மாதிரி இருக்கும்.

எங்கள் பொறியியலாளர் செபஸ்தியான் சேர். அவரும் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான். மெலிந்த ஆள். காலை ஏழரைக்கு மேசையில் இருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை "வாம்மா, போப்பா" என்பார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். "நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டார் என்றால் அறையே அமைதியாகிவிடும். எந்த அளவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "கண்ணால பாத்ததா, காதால கேட்டதா?" காதால் கேட்டது என்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அளப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பவர் எண்ணைச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதை உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகே எழுத வேண்டும். ஓர் அறையை அளந்தால் நாலு சுவரோடு விடக்கூடாது, மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணல் தெரியாது. கிழக்கிலிருந்து மேற்காக அளந்ததை மறுநாள் மேற்கிலிருந்து கிழக்காக அளக்க வேண்டும். இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்தால்தான் அது அளவு.

அந்தத் தோட்டத்து ஸ்டோர் மூடிப் பல வருடம் கிடந்தது. பிறகு அதைக் கல்லூரியாக மாற்ற முடிவானது. பழைய படம் எதுவும் யாரிடமும் இல்லை. முழுக் கட்டடத்தையும் அளந்து புதிதாக வரையச் சொல்லி சேர் என்னைத்தான் அனுப்பினார். நாடா பிடிக்க பியசேன வந்தார். அலுவலகத்திலேயே மூத்த உதவியாளர், நல்ல மனிதர். அம்மா குனிந்து குச்சி பொறுக்கிய அறையில் நான் நிமிர்ந்து நின்று "பதினெட்டு அடி நாலு அங்குலம்" என்று சத்தமாகச் சொன்ன நாளை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடத்தை நாங்கள் ஒரு கட்டம் என்போம். அந்தக் கட்டடம் நீளவாக்கில் பதினொரு கட்டம். மூன்றாம் மாடித் தளத்தைத் தாங்கும் உத்திரங்களை இரண்டாம் மாடியில் ஏணி போட்டு, அடிப்பலகையைக் கழற்றித்தான் பார்க்க முடியும். முதல் ஏழு கட்டங்களை அப்படியே பார்த்தோம். எல்லாம் பத்து அங்குல இரும்பு உத்திரம். எட்டாவது கட்டத்தின் பலகையில் பியசேன கை வைத்தார். உடனே ஏணியிலிருந்து குதித்தார்.

"மிஸ், தெபரு! ஓடுங்க!"

குளவிக்கூடு. மேற்குப் பக்கம் முழுக்க அடிப்பலகைக்கு உள்ளே கூடு கட்டியிருந்தது. கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆள் செத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஓடினேன். பியசேனவுக்கு இரண்டு கொட்டு, எனக்கு ஒன்று. புகை போட்டு விரட்ட ஆள் வரும் என்றார்கள். அந்த வாரம் விடாத மழை, ஆள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை படம் கொழும்புக்குப் போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் தாளை விரித்து வைத்திருந்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"இது நம்ம ஸ்டோரா புள்ள? இந்தக் கடைசிப் பக்கம் பின்னாடி கட்டுனது. நான் சின்னதுல அங்க வெறும் திட்டு. எங்கப்பா எல்லாம் ரோட்டுலேருந்து இரும்பு சொமந்தாங்க."

"இல்லம்மா. வெளிய பாத்தா ஒரே தகரம், ஒரே ஜன்னல். எல்லாம் ஒண்ணாத்தான் கட்டியிருக்காங்க."

"எனக்கென்ன தெரியும், நீ படிச்சவ" என்று அம்மா போய்விட்டார்.

அது காதால் கேட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாலும் போய்ப் பார்க்கவில்லை. எட்டாம் கட்டத்திலிருந்து பதினோராம் கட்டம் வரை, உத்திரம் என்ற இடத்தில், அச்சு மாதிரியான என் எழுத்தில் 'மேற்படி' என்று எழுதினேன். படத்தின் ஓரத்தில் வரைந்தவர் என்று நான் கையெழுத்து வைத்தேன். சரிபார்த்தவர் என்று சேர் வைத்தார். தாள் கொழும்புக்குப் போனது.

கொழும்பில் அந்தப் படத்தை வைத்துத்தான் எல்லாக் கணக்கையும் போட்டார்கள். மூன்றாம் மாடியின் மேற்கு முனையிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அதனால் நூலகம் அங்கே என்று முடிவு செய்தார்கள். பத்து அங்குல உத்திரம் புத்தகப் பாரத்தைத் தாங்கும், கணக்கில் பிழையில்லை. ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். குளவியைக் கலைத்தார்கள். கழன்ற பலகையை அடித்து வெள்ளைப் பூச்சுப் பூசினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, படத்தில்தான் எழுதியிருக்கிறதே.

வகுப்புகள் தொடங்கின. நூலகத்துக்குப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, அலமாரிகள் நிறைந்தன. திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வாசலில் மாட்டுவதற்கு ஒரு சிறு வரைபடம் கேட்டார்கள் என்று கல்லூரிக்குப் போனேன். நூலகர் கலைமணி அடுக்கிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க மிஸ். இந்த வண்டியப் பாருங்க, இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு. எங்க நிறுத்துனாலும் தானா நடுவுக்கு ஓடி வந்துருது."

புத்தகம் வைத்துத் தள்ளுகிற மூன்று தட்டு வண்டி அது. ஜன்னலோரம் கொண்டுபோய் விட்டுக் காட்டினார். மெதுவாக, சத்தமில்லாமல், அது அறையின் நடுவே வந்து நின்றது. கலைமணி கை தட்டிச் சிரித்தார். நான் குனிந்து தளத்தைப் பார்த்தேன். சமதளத்தில் வண்டி ஓடாது.

அவரை மெதுவாகக் கீழே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். இரண்டாம் மாடியில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் ஏணியும் கடப்பாரையும் வாங்கினேன். ஒன்பதாம் கட்டத்தில் ஒரு பலகையை நானே கழற்றினேன். கைவிளக்கை அடித்தபோது உள்ளே உத்திரமே இல்லை. ரயில் தண்டவாளம். வெட்டிப் போட்ட பழைய தண்டவாளத் துண்டுகள். உயரம் ஐந்து அங்குலம். கொழுந்து வாட்டத்தானே என்று, கிடைத்ததைப் போட்டுப் பின்னால் கட்டிய பக்கம் அது. அம்மாவின் அப்பா தோளில் சுமந்த இரும்பு. நடுவில் ஒன்றேகால் அங்குலம் தொய்ந்திருந்தது. அதற்கு மேலே, ஆயிரக்கணக்கான புத்தகம்.

அப்போது பின்னேரம் நாலு மணி. சேர் அன்று பொல்பிட்டியப் பக்கம் வேலை பார்க்கப் போயிருந்தார், தொலைபேசி கிடைக்கவில்லை. தளம் ஈரமாக இருக்கிறது, காலையில் சேர் வரும்வரை யாரும் உள்ளே வேண்டாம் என்று கலைமணியிடம் ஒரு பொய்யைச் சொல்லித் கதவுத் திறப்பை என் பையில் போட்டுக்கொண்டேன். வீடு வரும்வரை பஸ்ஸில் ஒரே யோசனை. மூத்த படவரைஞர் பதவிக்கு அந்த மாதம்தான் என் பெயர் போயிருந்தது. பலகையைத் திரும்ப அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அலமாரிகளை வேறு பக்கம் நகர்த்தச் சொல்ல ஏதாவது காரணம் கண்டுபிடிக்கலாம். 'லயத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்' என்று ஐந்து மேசைகளும் சொல்லப்போகிற குரல் காதில் கேட்டது. அதே சமயம், அந்த வண்டி நடுவே வந்து நிற்கிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குனிந்து படித்துக்கொண்டிருப்பதும் கண்ணுக்குள் வந்தது.

மறுநாள் ஏழரைக்கு சேரின் மேசை முன் நின்றேன்.

"சேர், கல்லூரி மூணாம் மாடிப் படம் பிழை."

பேனாவை மூடி வைத்தார். "எந்த எடம்?"

"மேக்குப் பக்கம் நாலு கட்டம். மேற்படின்னு எழுதியிருக்கேன். நான் பாக்கல்ல சேர். குளவி இருந்துச்சு, நாளும் இல்ல. பாக்காம எழுதிட்டேன்."

"இப்பப் பாத்தீங்களா?"

நீங்க. மரியாதை கூடிவிட்டது.

"நேத்து பலகையக் கழட்டிப் பாத்தேன் சேர். தண்டவாளம். அஞ்சு அங்குலம். ஒன்னேகால் தொஞ்சிருக்கு."

ஒரு தாளை எடுத்து ஐந்து நிமிடம் கணக்குப் போட்டார். தொலைபேசியை எடுத்துக் கல்லூரிப் பீடாதிபதியைக் கூப்பிட்டார். "நூலகத்தையும் அதுக்குக் கீழ இருக்கிற ரெண்டு மாடியையும் இப்பவே மூடுங்க. ஒருத்தரும் போகக்கூடாது. காரணத்த நேர்ல வந்து சொல்றேன்." அந்தப் பக்கம் அவர் அழைப்பிதழ், அமைச்சர் என்று ஏதோ சத்தமாகப் பேசியது எனக்கே கேட்டது. "விழா நடக்கும், இப்ப இல்ல" என்று சேர் வைத்துவிட்டார்.

பிறகு படத்தை வரவழைத்து மேசையில் விரித்தார்.

"இதுல யாரு கையெழுத்து?"

"என்னோடது சேர்."

"பக்கத்துல?"

அவரே பதிலும் சொன்னார்.

"என்னோடது. சரிபார்த்தேன்னு போட்டிருக்கேன். என்னத்தப் பாத்தேன்? எழுத்து நல்லாருக்குன்னு பாத்திருப்பேன்." சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதினார். அதன் கீழே என்னை எழுதச் சொன்னார். 'எட்டு முதல் பதினொன்று வரை நேரில் பார்க்காமல் வரைந்தது.' நான் எழுதி முடித்ததும் அதன் கீழே அவர் எழுதினார். 'நேரில் பார்க்காமல் சரிபார்த்தது.' இருவரும் கையெழுத்து வைத்தோம். "இந்தத் தாளக் கிழிக்காத. புதுசோட சேத்து வை" என்றார். அந்த 'நீங்க' போய்விட்டது.

புத்தகங்களை இறக்கியது தனி வேலை. அவசரத்தில் ஒரு பக்கத்தைக் காலி செய்தால் மறுபக்கம் இழுத்துவிடும். முதலில் இரண்டாம் மாடியில் மரக்கட்டைகளை நிறுத்தித் தளத்துக்கு முட்டுக் கொடுத்தோம். பிறகு ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் உள்ளே விடாமல், நடு அலமாரியிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாக எடுத்தோம். படிக்கட்டு நெடுகப் பயிற்சி ஆசிரியர்கள் வரிசையாக நின்று கைக்குக் கை புத்தகத்தை இறக்கினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு திருவிழா மாதிரி. நான் தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்துத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் குறையக் குறைய, தளம் தலைமுடிக் கனமாக மேலே வந்தது. மூன்றாம் நாள் முடிவில் முக்கால் அங்குலம் நிமிர்ந்திருந்தது.

தண்டவாளங்களின் நடுவில் குறுக்காகப் புதிய உத்திரம் கொடுக்கலாம், ஆட்கள் உட்கார அது போதும், அலமாரிகளுக்குப் போதாது என்றார் சேர். நூலகத்தையே வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"சேர், புத்தகத்த எல்லாம் கீழ, மெசின் இருந்த அறையில வைப்போம். அந்தத் தரை எதையும் தாங்கும். படிக்கிறவங்க மேலயே இருக்கட்டும். கொழுந்து மூட்டைய மேல ஏத்துற பாரந்தூக்கி இன்னும் அப்படியே இருக்கு. வேணும்ங்கிற புத்தகத்த அதுல அனுப்பலாம்."

சேர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "வரைஞ்சு கொண்டாம்மா" என்றார்.

வரைந்தேன். அந்தப் படத்தில் ஓர் இடத்திலும் 'மேற்படி' கிடையாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி அளவு. பாரந்தூக்கியின் கப்பிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதுக் கம்பி வடம் போட்டு, கூண்டுக்குக் கதவு வைத்தார்கள். கீழே ஒரு மணி, மேலே ஒரு மணி. மேலே எழுதிப் போடுகிற சீட்டுக் கூண்டில் இறங்கும், புத்தகம் ஏறி வரும். இன்று பக்கத்து மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வந்து அதைப் பார்த்துப் போகிறார்கள். அந்த ஜன்னல்களிடையே உட்கார்ந்து படிக்க, காலை முதல் மாலை வரை விளக்குப் போடத் தேவையில்லை. இலைக்காக வைத்த வெளிச்சம் எழுத்துக்கும் பொருந்திவிட்டது. அந்த அமைப்பை யோசித்தது யார் என்று யார் கேட்டாலும் நான் அடக்கமாகச் சிரிக்க மாட்டேன். "நான்தான்" என்று சொல்லிவிடுவேன்.

பதவி அந்த வருடம் எனக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தது. கடைசிப் பதினொரு வருடம் வரைபட அறைக்கு நானே பொறுப்பாக இருந்தேன்.

திறப்பு விழா நாலு மாதம் தள்ளி நடந்தது. அதற்கு முன்பே புதிய உத்திரத்தைப் பொருத்தி, மணல் மூட்டைகளை மேலே அடுக்கித் தளத்தைச் சோதித்துவிட்டோம். ஆனாலும் விழாவன்று மேலே எண்பது பேருக்கு மேல் விடக்கூடாது என்று சேர் எழுத்தில் கொடுத்திருந்தார். அம்மாவுக்கும் அழைப்பு வாங்கியிருந்தேன். நீலச் சேலை உடுத்தி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடியும் ஏறினார். ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"எவ்வளவு காத்து புள்ள" என்றார். "கீழ எங்களுக்குத் தூசிதான்."

பேச்சுகள் தொடங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரும் பார்க்காதபோது இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். அங்கே ஏற்கெனவே சேர் நின்றுகொண்டிருந்தார், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. புதிய உத்திரத்தின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய கம்பி தொங்கியது. அதன் நுனி, கீழே நிறுத்திய மரச்சட்டத்தில் ஒட்டியிருந்த அளவுகோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தளம் இறங்கினால் நுனியும் இறங்கும்.

"சேர், மேல ஒங்களத் தேடுறாங்க."

"தேடட்டும். நீ ஏன் எறங்குன?"

"சும்மா சேர்."

நானும் கம்பியின் பக்கத்தில் போய் நின்றேன். மேலே கைதட்டல் கேட்டது. கம்பி அசையவில்லை. பாரந்தூக்கியின் மணி அடித்தது, முதல் புத்தகம் எங்களைத் தாண்டி மேலே போனது. பிறகு தேசிய கீதம். எண்பது நாற்காலிகள் ஒன்றாகப் பின்னால் தள்ளப்பட்டன, எண்பது பேர் ஒன்றாக எழுந்தார்கள். பலகைகள் முனகின. அந்த எண்பதில் என் அம்மாவும் ஒருவர். கம்பியின் நுனி அளவுகோலில் ஒரு கோட்டிலும் பாதி இறங்கியது. நின்றது. கீதம் முடியும்வரை அங்கேயே நின்றது. ஆட்கள் கலைந்து படியிறங்கத் தொடங்கியதும், பழைய இடத்துக்குத் திரும்பியது.

சேர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கம்பி இறங்கிய அளவையும் திரும்பிய அளவையும் எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுக் கோட்டோடு தூசித் தரையில் முட்டி போட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அளவுகோலை வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார்.